ஸ்கெட்ச் புக்கோட வர்ற க்வில்ட்டிங் கிட் – ஆறு மாசம் தைச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

இந்த கிட்டை வாங்கி ஆறு மாசம் ஆச்சு. வாங்குன வாரமே ரிவ்யூ போடுங்கன்னு மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு, நான் போடல, ஏன்னா தையல் சாமான் எல்லாம் பிரிச்சுப் பார்க்கும்போது நல்லாத்தான் இருக்கும், தைச்சு, துவைச்சு, காயப்போட்டு, திரும்பத் தேய்ச்சுப் பார்த்தாத்தான் எது தாங்குது எது தாங்கலன்னு தெரியும். இப்ப இதை வச்சு மூணு பீஸ் முடிச்சிருக்கேன், ஒரு குஷன் கவர், சுவத்துல மாட்டுறதுக்கு ஒரு சின்ன படம், அப்புறம் 24க்கு 24 இன்ச்சுல ஒரு குட்டி க்வில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்து, நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிற விரிப்பு). அதனால இப்ப மனசாரச் சொல்லலாம்னு தோணுது.

எனக்கு மெஷின் ஓட்டத் தெரியும், கிழிஞ்சதைத் தைப்பேன், பேன்ட் நீளம் குறைப்பேன், அவ்வளவுதான். படம் வரையுறது ஸ்கூலோட நின்னுபோச்சு, ஆனா ஆசை போகவே இல்ல, ஃபோன் பேசும்போது கையில பேனா கிடைச்சா ஏதாவது கிறுக்கிட்டே இருப்பேன். தையல் ஒரு பக்கம், வரையுறது ஒரு பக்கம்னு ரெண்டும் வேற வேறன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிருந்தேன். நீங்க வரைஞ்சதை நீங்களே துணியில கொண்டு வாங்கங்கிறதுதான் இந்த கிட்டோட ஐடியா, அதுக்காகவே வாங்குனேன், அது பலிச்சுதாங்கிறதைத்தான் சொல்லப்போறேன்.

பாக்ஸுல என்னென்ன இருந்துச்சுன்னா, 45 மில்லிமீட்டர் ரோட்டரி கட்டர், ஏ3 சைஸ் கட்டிங் மேட், 6க்கு 12 இன்ச்சுல கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கேல், 5 இன்ச் சதுரமா வெட்டின காட்டன் துணி 40 பீஸ், நடுவுல வைக்கிற பஞ்சு ஷீட் (பேட்டிங்னு சொல்வாங்க), தண்ணியில போற நீலப் பேனா ஒண்ணு, சூட்டுல மறையுற பேனா ஒண்ணு, ஊசி பாக்கெட், ரெண்டு நூல்கண்டு, அயர்ன் பண்ணா ஒட்டிக்கிற ஃப்யூசிபிள் ஷீட் நாலு, ஸ்கெட்ச் புக், 2பி பென்சில், ஒரு சின்ன புக்லெட். பேக்கிங்ல குறை இல்ல, கட்டரோட ஸ்பேர் பிளேடு மட்டும் இல்லாம வந்துச்சு, எழுதிக் கேட்டேன், ஒரு வாரத்துல அனுப்பிட்டாங்க.

நல்லதுல ஆரம்பிக்கிறேன். கட்டர் அருமை. கத்திரிக்கோல்லயே துணி வெட்டிப் பழகுன கைக்கு இது முதல் நாள் கொஞ்சம் பயமாத்தான் இருக்கும், பீட்சா வெட்டுற சக்கரம் மாதிரி இருக்கும் ஆனா பிளேடு சவர பிளேடு மாதிரி கூர்மை. ஸ்கேலை அழுத்திப் பிடிச்சு, சக்கரத்தை ஸ்கேல் ஓரத்துல ஒட்ட வச்சு, உடம்புலேர்ந்து வெளிப்பக்கமா தள்ளணும், ஒரே தள்ளுல நாலு மடிப்புத் துணியும் சர்ருன்னு போயிடும், அந்த சத்தமே ஒரு சந்தோஷம். ஜப்பான்ல ஓல்ஃபா கம்பெனி 1979ல இந்த சக்கரக் கட்டரைக் கொண்டு வந்தப்புறம்தான் க்வில்ட் பண்றவங்க வேலையே மாறுச்சு, அதுக்கு முன்னாடி அட்டையில அச்சு வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பென்சில்ல சுத்தி வரைஞ்சு, கத்திரியில தனித்தனியா வெட்டிட்டு இருந்தாங்க. நூறு துண்டுன்னா நூறு தடவை. கட்டர் கையில வந்தப்புறம் அந்தக் காலத்து க்வில்ட்டுங்களோட ஃபோட்டோவைப் பார்த்தா எவ்வளவு பொறுமைன்னு மலைப்பா இருக்கு.

கட்டர்ல ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க. எனக்கு ரெண்டாவது மாசத்துல வெட்டுன துணி பிரியாம அங்கங்க ஒரு இழை மட்டும் தொங்க ஆரம்பிச்சுது, துணியில ஏதோ கோளாறுன்னு நினைச்சேன், அப்புறம் பார்த்தா சரியா 14 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அந்த இழை நிக்குது. 45 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுத்து சுத்துனா வர்ற தூரம் அது. அப்படின்னா பிளேடுல ஒரே ஒரு இடத்துல பல்லு விழுந்திருக்கு, நான்தான் ஒரு நாள் குண்டூசி மேல ஏத்திட்டேன். பிளேடை மாத்துனதும் சரியாயிடுச்சு. அதனால வெட்டுறதுக்கு முன்னாடி ஊசி எல்லாம் எடுத்தாச்சான்னு பாருங்க, வெட்டி முடிச்ச ஒவ்வொரு தடவையும் பிளேடை உள்ள தள்ளி மூடுங்க, இதுல மட்டும் சோம்பல் கூடாது, வீட்டுல குழந்தை இருந்தா சொல்லவே வேணாம்.

மேட்டும் நல்ல மேட், கோடு விழுந்தா தானா மூடிக்குது. சூடு மட்டும் ஆகாது, மேல அயர்ன் பண்ணக் கூடாது, சூடான டம்ளரைக் கூட வைக்கக் கூடாது, வெயில் படுற இடத்துல நிமித்தி வச்சா வளைஞ்சிடும், வளைஞ்சா அவ்வளவுதான்.

ஸ்கேல்ல ஒரு குறை. மேட்டுல இருக்கிற கோட்டுக்கும் ஸ்கேல்ல இருக்கிற கோட்டுக்கும் 12 இன்ச்சுல அரை நூல் வித்தியாசம் வருது. நூல்னா தைக்கிற நூல் இல்ல, ஆசாரிங்க சொல்ற கணக்கு, இன்ச்சுக்கு எட்டு நூல். அரை நூல்னா என்ன பெருசான்னு தோணும், எனக்கும் தோணுச்சு. நாம ரெண்டையும் மாத்தி மாத்தி அளக்காம, அளக்கிறது எல்லாம் ஸ்கேல்லயே, மேட்டு வெட்டுறதுக்கு அடியில போடுறதுக்கு மட்டும்னு வச்சுக்கிட்டா பிரச்சனை இல்ல. ஆனா ஒரு பாக்ஸுல சேர்ந்து வர்ற ரெண்டு சாமானுக்கு அளவு ஒத்துப் போகணும் இல்லையா, இதை அவங்க சரி பண்ணணும்.

அரை நூல் என்ன பண்ணும்னு குஷன் கவர்ல கத்துக்கிட்டேன். 5 இன்ச் சதுரம் ஒரு வரிசைக்கு நாலு, ஒவ்வொரு தையலுக்கும் ரெண்டு பக்கமும் கால் இன்ச் விடணும், அப்ப வரிசை முடிஞ்சதும் 18 இன்ச் 4 நூல் இருக்கணும். எனக்கு 18 இன்ச் 1 நூல்தான் இருந்துச்சு. மூணு தையல், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பக்கம், ஒரு பக்கத்துக்கு அரை நூல்னு வச்சா மூணு நூல் போயிடுச்சு. எட்டு சதுரம் வச்சிருந்தா ஏழு நூல், கிட்டத்தட்ட ஒரு இன்ச்சு காணாம போயிருக்கும். நான் சரியா கால் இன்ச்சுலதான் தைச்சேன், அதுதான் தப்பு, ஏன்னா துணி மடியுற இடத்துல மடிப்பும் நூலும் கொஞ்சம் இடத்தைத் தின்னுடுது, அதனால கால் இன்ச்சுக்கு ஒரு இழை குறைச்சலா தைக்கணும். புக்லெட்ல கால் இன்ச்சுன்னு மட்டும் போட்டிருக்கு, இந்த ஒரு இழை விஷயத்தைச் சொல்லல. மெஷினோட தட்டுல அந்த அளவுக்கு ஒரு டேப் ஒட்டிட்டு அதை ஒட்டியே துணியை விடுங்க, ரெண்டு துண்டு தைச்சு அளந்து பார்த்துட்டு அப்புறம் மத்ததைத் தைங்க.

இப்ப ஸ்கெட்ச் புக்குக்கு வர்றேன், எனக்கு இந்த கிட்டுல உயிரே இதுதான். இடது பக்கம் வெறும் தாளு, வலது பக்கம் கட்டம் போட்ட தாளு, இவ்வளவுதான் விஷயம், ஆனா அந்த யோசனை பண்ணவங்களைக் கூப்பிட்டுப் பாராட்டணும் போல இருக்கு. இடது பக்கத்துல மனசுக்குத் தோணுன மாதிரி வரையுறோம், வலது பக்கத்துல அதையே கட்டத்துல துணியா மாத்துறோம், ஒரு கட்டம் ஒரு இன்ச்சு.

நான் முதல்ல வரைஞ்சது ஜன்னல் பக்கத்துல இருக்கிற ஒரு மர நாற்காலி, அது மேல உடம்பு துடைக்கிற துண்டு ஒண்ணு காயுது. நல்லாவே வந்துச்சு, துண்டோட மடிப்பு, நாற்காலியோட மரக்கோடு, ஜன்னல் வெளிச்சம், நிழல்னு பென்சில்ல தேய்ச்சுத் தேய்ச்சு வரைஞ்சேன். வலது பக்கம் மாத்தலாம்னு உக்காந்தா ஒண்ணும் ஓடல. பேப்பர்ல ஒரு கோடு போட ஒரு செகண்டு, துணியில அதே கோடு ஒண்ணு வெட்டா இருக்கணும், இல்ல ஓரமா இருக்கணும், இல்ல நூலா இருக்கணும், மூணுல எதுவா இருந்தாலும் அது ஒரு வேலை. பென்சில் நிழலைத் துணியில தேய்க்க முடியாது, நிழலும் ஒரு தனித்துண்டுதான், வேற கலர் துணி. அப்ப ஒவ்வொரு கோடையும் பார்த்து நீ இருக்கணுமா வேணாமான்னு கேட்க வேண்டியிருக்கு. அந்த நாற்காலியை நாலு தடவை திரும்ப வரைஞ்சேன். மரக்கோடு போச்சு, துண்டு மடிப்புல ரெண்டு மட்டும் நின்னுச்சு, ஜன்னல் கம்பி போச்சு, வெளிச்சம் ஒரு சாய்ஞ்ச நாலு மூலைத் துண்டா ஆச்சு, கடைசியில மொத்தம் பதினோரு துணித்துண்டு. அந்தப் பதினோரு துண்டுப் படத்தை என் பொண்ணுகிட்ட காட்டுனேன், "அம்மா, இது நம்ம நாற்காலிதானே, துண்டு ஈரமா இருக்கா"ன்னு கேட்டா. ஈரம்னு நான் எங்கயும் வரையல, ஆனா துண்டு தொங்குற வளைவுலயே அது தெரிஞ்சிருக்கு. அன்னிக்குத்தான் எனக்கு வரையுறதும் தைக்கிறதும் ஒண்ணா சேர்ந்துச்சு.

இதுக்கு ஹாரியட் பவர்ஸோட க்வில்ட் ஃபோட்டோக்கள் எனக்கு ரொம்ப உதவுச்சு. 1837ல அமெரிக்காவுல ஜார்ஜியாவுல அடிமையா பிறந்தவங்க, அவங்க தைச்சதுல ரெண்டு க்வில்ட்தான் இப்ப மிஞ்சியிருக்கு, ஒண்ணு ஸ்மித்சோனியனோட அமெரிக்க வரலாற்று மியூசியத்துல, இன்னொண்ணு பாஸ்டன் ஃபைன் ஆர்ட்ஸ் மியூசியத்துல. மனுஷங்க, மிருகங்க, சூரியன், நட்சத்திரம் எல்லாம் துணியில வெட்டி மேல வச்சுத் தைச்ச உருவங்கதான், பெரும்பாலும் நிழல் மாதிரி வெறும் வடிவம், ஆனா யார் ஓடுறாங்க, யார் கையைத் தூக்கி நிக்கிறாங்கன்னு தூரத்துலேர்ந்தே தெரியுது. ஒரு வடிவத்தோட வெளிக்கோடு சரியா இருந்தா உள்ள எதுவும் வேண்டியதில்லைங்கிறதை அவங்ககிட்டதான் கத்துக்கணும்.

அதுக்காக ஸ்கெட்ச் போடாம க்வில்டே கிடையாதுன்னு சொல்ல மாட்டேன். அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர், அங்க இருக்கிற பெண்கள் தலைமுறை தலைமுறையா வேலைக்குப் போட்டுப் பழசான துணிங்களை வச்சு, பெரும்பாலும் போகப்போக கையும் கண்ணும் சொல்ற மாதிரி சேர்த்துத் தைச்சிருக்காங்க, 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல அதைக் காட்சிக்கு வச்சாங்க. குஷன் கவருக்கு நானும் அந்த வழிதான், சதுரங்களைத் தரையில பரப்பி, இங்க அங்க மாத்தி வச்சுப் பார்த்து, பிடிச்சதும் தைச்சுட்டேன். ஒரு பொருளையோ இடத்தையோ கொண்டு வரணும்னாதான் ஸ்கெட்ச் கட்டாயம் வேணும்.

தாளைப் பத்தியும் சொல்லணும், பென்சிலுக்கும் கலர் பென்சிலுக்கும் நல்லா இருக்கு, வாட்டர் கலர் போட்டா சுருங்கி அடுத்த பக்கம் வரைக்கும் ஊறுது. வாட்டர் கலர் பழக்கம் இருக்கிறவங்க கெட்டியான 300 ஜிஎஸ்எம் தாளைத் தனியா வாங்கிக்கோங்க. எனக்குத் தேவைப்படல.

கலர் பொறுக்குறதுலதான் இந்த கிட்டு என்னைக் கொஞ்சம் ஏமாத்துச்சு. 40 சதுரமும் ஒண்ணுக்கொண்ணு அழகு, பூப்பூவா, கட்டம் கட்டமா, எதைப் பார்த்தாலும் ஆசையா இருக்கு, ஆனா எல்லாம் ஒரே அழுத்தம், ரொம்ப வெளிர்னும் இல்ல ரொம்ப அடர்த்தின்னும் இல்ல. நாற்காலிப் படத்துக்குத் துண்டுகளை அடுக்கி வச்சப்ப பக்கத்துல நல்லாத் தெரிஞ்சுது, நாலு அடி தள்ளி நின்னா நாற்காலியும் சுவரும் ஒண்ணாக் கலந்துடுச்சு. ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து அதைக் கருப்பு வெள்ளையா மாத்திப் பார்த்தேன், எல்லாம் ஒரே சாம்பல். அப்பதான் புரிஞ்சுது, கலர் வேற, அழுத்தம் வேற, சிவப்பும் பச்சையும் பக்கத்துல பக்கத்துல இருந்தாலும் கருப்பு வெள்ளையில ஒண்ணாயிடலாம். என்கிட்ட இருந்த பழைய வெள்ளைச் சட்டை ஒண்ணு, அடர் நீலத் துணி ஒண்ணு ரெண்டையும் வெட்டிச் சேர்த்ததும் நாற்காலி எந்திரிச்சு முன்னாடி வந்து நின்னுச்சு. நீங்க வாங்குனா வெளிர் துணி கொஞ்சம், ரொம்ப அடர்த்தியான துணி கொஞ்சம் வீட்டுலயே தேடி எடுத்து வச்சுக்கோங்க, கருப்பு வெள்ளை ஃபோட்டோ டெஸ்ட்டை ஒவ்வொரு தடவையும் பண்ணுங்க, தைக்கிறதுக்கு முன்னாடியே பண்ணுங்க. அப்புறம் அந்தச் சதுரங்களோட ஓரம் பல்லுப் பல்லா வெட்டியிருக்கும், பிசிறு வராம இருக்கிறதுக்கு. அந்தப் பல்லோட நுனியிலேர்ந்து நுனிக்கு அளந்தா எனக்கு 5 இன்ச் சரியா வந்துச்சு, உங்களுக்கு வந்ததை ஒண்ணு அளந்து பார்த்துட்டு ஆரம்பிங்க.

ஃப்யூசிபிள் ஷீட் நல்ல தரம். ஒரு பக்கம் பசை, ஒரு பக்கம் பேப்பர், பேப்பர்ல வடிவத்தை வரைஞ்சு, துணியோட பின்பக்கம் வச்சுத் தேய்ச்சு ஒட்டி, வெட்டி, பேப்பரை உரிச்சுட்டு அடித்துணி மேல வச்சு மறுபடியும் தேய்க்கணும். அயர்ன் பாக்ஸை இழுக்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்கணும், இழுத்தா வடிவமே கோணலாயிடும். நான் எல்லாத்தையும் சரியா பண்ணிட்டு கடைசியில நிமிர்ந்து பார்த்தா நாற்காலி எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கு! துணிக்குப் பின்பக்கம் ஒட்டுறதால கண்ணாடியில பார்க்கிற மாதிரி படம் மாறிடும், அதனால முதல்லயே திருப்பித்தான் வரையணும். புக்லெட்ல இது கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு வரி, முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல இருக்க வேண்டிய விஷயம். ஸ்கெட்ச் தாளைத் திருப்பி ஜன்னல் கண்ணாடி மேல வச்சுப் பிடிச்சா வெளிச்சத்துல பின்பக்கம் கோடு தெரியும், அதை அப்படியே ஷீட்ல வரைஞ்சுக்கோங்க. என் நாற்காலி திரும்புனதுல ஜன்னல் வெளிச்சம் முதுகுப் பக்கம் போயிடுச்சு, வெளிச்சத் துண்டை மட்டும் உரிச்சு இடம் மாத்துனேன், அடித்துணியில பசைத் தடம் லேசாத் தெரியுது.

பேனா விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பாடுபட்டுத் தைச்சதைக் கெடுக்கக்கூடியது இதுதான். க்வில்ட்னா மேல் துணி, பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கு, அந்த மூணையும் சேர்த்துப் பிடிக்கிற தையலுக்குப் பேருதான் க்வில்ட்டிங், அந்தத் தையல் எந்த வழியா போகணும்னு மேல் துணியில கோடு போடுறதுக்குத்தான் பேனா. அங்கயும் நம்ம ஸ்கெட்ச்தான் துணி மேல ஏறுது. சூட்டுல மறையுற பேனா மந்திரம் மாதிரி இருக்கும், கோடு மெல்லிசு, தெளிவு, 60 டிகிரி பக்கம் சூடு பட்டதும், அயர்ன் பாக்ஸ் ஒரு தடவை மேல போனாலே போதும், காணாம போயிடும். முதல்ல அவ்வளவு பிடிச்சுது. ஆனா அந்த மை அழியுறது இல்ல, நிறம் மட்டும்தான் மறையுது. ஒரு சின்னத் துண்டுல இலை ஒண்ணு வரைஞ்சு, தைச்சு, தேய்ச்சு மறைய வச்சுட்டு, ஒரு கவர்ல போட்டு ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வச்சேன், ஃப்ரீசர் மைனஸ் 18 இருக்கும். காலையில எடுத்தா இலையோட நரம்பு ஒவ்வொண்ணும் திரும்ப வந்திருக்கு, நான் தப்பா போட்டு மேல மாத்திப் போட்ட கோடு கூட. ரொம்பக் குளிர் ஊருக்கு யாருக்காவது க்வில்ட் பரிசா அனுப்புனா வழியிலயே இது நடக்கலாம். அடர் நிறத் துணியில வேற, மை மறைஞ்சாலும் வெளிர்க்கோடா ஒரு தடம் நின்னுடுது. அதனால இந்தப் பேனாவை உள்ள மறையுற தையல் இடத்துல, வெட்டுற கோட்டுல மட்டும் வச்சுக்கிட்டேன், மேல தெரியுற இடத்துல கை வைக்கிறதே இல்ல.

நீலப் பேனா நேர் எதிர். இது தண்ணியில போகும், சூடு பட்டா நிரந்தரமா நின்னுடும். அயர்ன் பண்றதுக்கு முன்னாடி வெறும் பச்சைத் தண்ணியில நல்லா முக்கி எடுக்கணும், சோப்புத் தண்ணி அப்புறம்தான். ஒரே பாக்ஸுல ஒரு பேனாவைச் சூட்டுல எடுக்கணும் இன்னொண்ணைச் சூட்டுக்குக் காட்டவே கூடாதுன்னா அதை எவ்வளவு பெருசா எழுதியிருக்கணும்? எழுதவே இல்ல. குஷன் கவர்ல நீலக்கோட்டு மேல அயர்ன் பாக்ஸை ஓட்டிட்டேன், பழுப்பாயிடுச்சு, ரெண்டு இன்ச் நீளத்துக்கு, இன்னும் இருக்கு. எந்தப் பேனாவா இருந்தாலும் அந்தத் துணியோட வெட்டுத் துண்டுலயே கோடு போட்டு, எடுத்துப் பார்த்துட்டு அப்புறம் படத்துல வைங்க. நேர்க்கோடா இருந்தா எனக்கு இப்ப ரொம்பப் பிடிச்சது ஹேரா மார்க்கர், ஜப்பான்காரங்க சாமான், மை கிய் எதுவும் கிடையாது, மழுங்குன கத்தி மாதிரி ஒரு துண்டு, அழுத்தி இழுத்தா துணியில மடிப்புக் கோடு விழும், தைச்சு முடிச்சதும் தானா போயிடும். இது கிட்டுல இல்ல, இருந்திருக்கணும்.

ஊசி சின்னதா இருக்கேன்னு பயந்துடாதீங்க. கை க்வில்ட்டிங்குக்கு பிட்வீன்ஸ்னு குட்டை ஊசிதான், நம்பர் கூடக்கூட ஊசி சின்னதாகும், பாக்கெட்ல 9 நம்பர் இருந்துச்சு, ஒரு வாரத்துல கை பழகிடும். நூல் நுனியில முடிச்சுப் போட்டு, மேல் துணி வழியா ஊசியை விட்டு லேசா ஒரு இழுப்பு இழுத்தா முடிச்சு டப்புன்னு உள்ள போய் பஞ்சுல மாட்டிக்கும், மேலயும் கீழயும் முடிச்சே தெரியாது. அப்புறம் மூணு நாலு ஓட்டுத் தையலை ஊசியிலயே கோத்து ஒரே இழுப்பு. சாயந்திரம் வேலை எல்லாம் முடிஞ்சு இதை எடுத்து மடியில வச்சா நேரம் போறதே தெரியல, மனசுல இருந்த இரைச்சல் ஒவ்வொரு வரிசைக்கும் கொஞ்சம் குறையுது. நூல் மட்டும் மாத்திக்கிட்டேன், கிட்டுல வர்றது 50 நம்பர், துண்டுகளை இணைக்க நல்லது, ஆனா படக்கோடு மாதிரி தெரியணும்னா அது ரொம்ப மெல்லிசு, 12 நம்பர் காட்டன் நூல் போட்டதும் துண்டோட மடிப்புக்கோடு பென்சில்ல அழுத்தி வரைஞ்ச மாதிரி எடுப்பா வந்துச்சு. நூல்ல நம்பர் குறையக்குறைய தடிமன் கூடும், ஊசிக்கும் அப்படியே, எதுவுமே நேரா இல்ல. 12 நம்பர் நூலுக்குக் கொஞ்சம் பெரிய காதுள்ள ஊசியும் வேணும்.

மெஷின்லயே வரையலாம், ஆனா அதுக்கு வேண்டிய டார்னிங் ஃபுட் (துணியை எந்தப் பக்கமும் நகத்த விடுற மெஷின் கால்) கிட்டுல இல்ல, தனியா வாங்கணும். துணியை நகத்துற பல்லைக் கீழ இறக்கிட்டு, துணியை நம்ம கையாலயே நகத்தணும், ஊசி பென்சில் மாதிரி ஒரே இடத்துல நிக்குது, தாளு மட்டும் நகருது. கை வேகமாப் போய் மெஷின் மெதுவா ஓடுனா தையல் நீள நீளமா விழும், மாத்திப் பண்ணா ஒரே இடத்துல குவியும். பழைய துணி ரெண்டுக்கு நடுவுல பஞ்சு வச்சு பத்து இன்ச்சுல நாலஞ்சு துண்டு பண்ணி வச்சுக்கிட்டு, தினம் பத்து நிமிஷம் என் பேரை எழுதிப் பழகுனேன், மூணாவது வாரம்தான் வளைவு வளைவா வந்துச்சு.

பஞ்சு ஷீட் பிடிக்கல. மெல்லிசு பாலியஸ்டர், அடர் நீலத் துணி வழியா வெள்ளை வெள்ளையா இழை வெளிய வந்துடுது, தட்டுனாலும் போகல. மூணாவது பீஸுக்கு 80 பங்கு காட்டன் 20 பங்கு பாலியஸ்டர் கலந்த பேட்டிங் வாங்கிப் போட்டேன், கைக்கே வித்தியாசம் தெரியுது, நல்லாப் படியுது, ஊசியும் சுலபமா போகுது. மூணு அடுக்கையும் நகராம பிடிக்கிறதுக்கு சேஃப்டி பின் வேணும், அதுவும் பாக்ஸுல இல்ல. அடித்துணியை மேஜையில டேப் போட்டு இறுக்கமா ஒட்டி, மேல பஞ்சு, மேல படம், ஒரு கைப்பிடி இடைவெளிக்கு ஒரு பின்னுன்னு குத்துங்க, இங்க அவசரப்பட்டா பின்பக்கம் சுருக்கம் விழும், தைச்சப்புறம்தான் தெரியும்.

ஆக யாருக்கு இது ஆகும்னா, மெஷின் ஓட்டத் தெரிஞ்சு, வரையவும் ஆசை இருந்து, எங்க தொடங்குறதுன்னு தெரியாதவங்களுக்கு ஆகும். கட்டர், மேட், ஸ்கெட்ச் புக், ஃப்யூசிபிள் ஷீட் நாலும் நல்ல சாமான், வருஷக்கணக்கா வரும். பஞ்சையும் பேனாவையும் பத்தி மேல சொன்னதை மனசுல வச்சுக்கோங்க. ஏற்கெனவே தைக்கிறவங்ககிட்ட கட்டரும் மேட்டும் இருக்கும், அவங்க கிட்டை விட்டுட்டு பாதி கட்டம் பாதி வெறும் தாளு இருக்கிற ஒரு நோட்டு மட்டும் வாங்கிக்கோங்க, இல்லன்னா ரெண்டு நோட்டை வச்சுக்கூட பண்ணலாம். அஞ்சுக்கு மூணரை ஸ்டார் கொடுக்கிறேன், புக்லெட்டைத் திருத்தி எழுதி, பஞ்சை மாத்துனாங்கன்னா நாலரை தயங்காம கொடுப்பேன்.

இதை எழுதிட்டு இருக்கும்போதே குட்டி க்வில்ட்டைத் துவைச்சேன், அதையும் சேர்த்துடுறேன். முதல்ல பச்சைத் தண்ணியில நீலக்கோடு போறதுக்கு, அப்புறம் லேசான சோப்புல, நிழல்ல தரையில விரிச்சு காய வச்சேன். மெரூன் சதுரம் ஒண்ணு மட்டும் பக்கத்து கிரீம் துணியில லேசா சாயம் விட்டிருக்கு, அடர் சிவப்பு இருந்தா வெட்டுத் துண்டை ஈர வெள்ளைத் துணியில அழுத்தி முதல்லயே பார்த்துக்கோங்க. 24 இன்ச் இருந்தது 23 இன்ச் 2 நூலா ஆயிடுச்சு, உள்ள இருக்கிற காட்டன் சுருங்குறதால ஒவ்வொரு தையலுக்கும் நடுவுல துணி குட்டிக் குட்டியா மேடாயிருக்கு. இதுலயும் அந்த நாற்காலிப் படம்தான், காயுற துண்டு வர்ற இடத்துல அந்த மேடு பள்ளமே மடிப்பு மாதிரி விழுந்திருக்கு, நான் ஸ்கெட்ச்ல வேணாம்னு எடுத்த மடிப்புங்க.